அம்மன் ரிவர்ஸ் எடுக்காது

1

போன மார்கழியில் என்மீது ஒரு புகார் வந்தது. கொடுத்தது என் மகள்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாகத் தென்படும் ஒரு சிற்றூரில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தின் கடைசியில் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. நிலம் என்னுடையது, ஆனால் அதில் நடக்கும் உரிமை ஊருக்கு. வீடு வாங்கும்போது இதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில். நான் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்.

சில வருடங்கள் கழித்து அந்தப் பாதையின்மேல் பாதி ஏறினாற்போல ஒரு மரக் கொட்டகை போட்டேன். புல்வெட்டும் மிஷினும், நான் வாங்கி ஒருநாள்கூட ஓடாத ஓட்டப்பயிற்சி மிஷினும் அதற்குள் இருந்தன. நடக்க வருகிறவர்கள் கொட்டகைக்கும் முள்வேலிக்கும் இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு போவார்கள். என்னைப் பார்த்தால் சிரித்து "மார்னிங்" சொல்வார்கள். அவர்களுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.

மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் நடைக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லாப் பாதைகளையும் நடந்து பார்த்து, எங்கே வேலி விழுந்திருக்கிறது, எங்கே வழி மறைந்திருக்கிறது என்று ஒரு படிவத்தில் எழுதுவது அவர்கள் வேலை. எழுதினாள். நடக்க இடைஞ்சல்: மரக் கொட்டகை. இடம்: எங்கள் வீட்டு எண். குறிப்பு: "உரிமையாளர் நல்லவர். சொன்னால் கேட்க மாட்டார்."

"ஏன்டி, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவ சொன்னேன்ப்பா. அப்புறம் பாக்கலாம்னீங்க. ஃபார்ம்ல அப்புறம் பாக்கலாம்னு ஒரு கட்டம் இல்ல."

பதினைந்து நாளில் கவுன்சிலிலிருந்து கடிதம். அன்புள்ள திரு. ஏழுமலை அவர்களுக்கு என்று தொடங்கி, தங்கள் கொட்டகை அழகாக இருப்பதை நாங்கள் உணர்கிறோம் என்ற தொனியில் போய், நாற்பது நாளுக்குள் அதை எடுத்துவிட்டால் மிகவும் கடமைப்பட்டவர்களாக இருப்போம் என்று முடிந்தது. மாலை போட்டு வெளியே அனுப்புகிற மாதிரி ஒரு கடிதம். படித்து முடித்ததும் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். என் மனைவி செல்வி திண்டிவனத்துக்காரி, இப்படி எதையும் விடமாட்டாள்.

"உன்னிய தூக்கிப் போடறேன்னு சொல்றாங்க, நீ தாங்க்ஸ் சொல்லிக்கினு இருக்க."

2

இதே நேரத்தில் ஊரில் எனக்கு ஒரு சுவர் இருந்தது. அதைப் பற்றி நான் வைத்திருந்த பெருமைக்கு அளவில்லை.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் கண்டாச்சிபுரத்துக்கும் நடுவில், தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் சொன்னால் ஊர்க்காரர்கள் என்னை உதைப்பார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அப்பா விட்டுப்போன வீட்டை இடித்துவிட்டு, வயதான காலத்தில் போய் உட்காரலாம் என்று போன வருடம் புது வீடு கட்டினேன். கட்டினேன் என்றால் வாட்ஸப்பில் கட்டினேன். அங்கே வெயிலில் நின்றது கோவிந்தசாமி மேஸ்திரி. அவரை மேற்பார்வை பார்த்தது என் சித்தப்பா மகன் முருகையன். குறை சொன்னது நான்.

வீடு மூலை வீடு. எங்கள் தெரு அங்கே முடிந்து, வலதுபக்கம் திரும்பி வண்டிப்பாதையாகிறது. அந்தப் பாதை களத்துமேட்டைத் தொட்டு, ஏரிக்கரை ஓரமாகப் போய், கரும்புக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக்கும் நடுவே வளைந்து வளைந்து தென்பெண்ணை ஆற்று மணலில் இறங்கும். அப்பா காலத்தில் எங்கள் வீட்டு மூலை வளைந்திருந்தது. நல்ல கூர்மூலையாக வரவேண்டிய இடத்தில் சுவர் உள்வாங்கி, ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடம் வெளியே கிடந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு நேராகச் சுவர் வைக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இங்கே ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ரொட்டி வண்டிகள் எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று கம்ப்யூட்டரில் கோடு போடுவது வேலை. கோணலைக் கண்டால் என் கை தானாக நிமிர்த்தப் போகும். பட்டா எடுத்தேன், அளவுப் படம் எடுத்தேன், எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று சர்வேயரை வைத்துப் பார்த்தேன். அந்த வளைவு முழுக்க எங்கள் இடம். மேஸ்திரிக்கு வீடியோவில் சொன்னேன், கல்லுக்குக் கல் நேராக நூல் பிடித்துச் சுவர் எழும்பட்டும் என்று.

"சார், அந்த மூலைய மட்டும் கொஞ்சம் கழிச்சி..."

"மேஸ்திரி, பட்டாவுல இருக்குது."

"பட்டாவுல இருக்குது சார். இல்லேன்னு சொல்லல. ஆனா அது வந்து..."

"நேரா கட்டுங்க."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் பட்டாவைக் காட்டினேன். நாலாவது முறை அவர் கேட்கவில்லை. "சரிங்க சார், உங்க இஷ்டப்படியே பண்ணிடறேன், நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

சுவர் வந்தது. வெண்டைக்காய் நுனி மாதிரி ஒரு கூர். படம் எடுக்கச் சொல்லி, ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். மழைக்குப் பிறகு முருகையன் அனுப்பிய படத்தில் அந்த மூலையில் மட்டும் புல்பூண்டு முளைத்திருந்தது, எறும்பு சாரையாகப் போனது. ஈரப்பதம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

3

தை ஐந்தாம் நாள் எங்கள் பக்கம் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்ட ஊர்ச் சாமியெல்லாம் அன்றைக்குத் தென்பெண்ணைக்கு வரும். மணல் முழுக்கச் சாமியும், கரும்புக் கட்டும், வளையல் கடையும், தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிற குடும்பமுமாக இருக்கும். எங்கள் ஊர் அம்மன் தோளில்தான் போகும். நீளமான இரண்டு தண்டுகள், அவற்றின்மேல் பீடம், பீடத்தில் அம்மன். பக்கத்துக்கு ஆறு பேர், பன்னிரண்டு தோள்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஒரு வேலை நடக்கும். அதை வெறுந்தண்டு பார்க்கிறது என்பார்கள். கோயில் பரணிலிருந்து தண்டை இறக்கி, எண்ணெய் தடவி, சாமி இல்லாமல் வெறுமனே தோளில் வைத்துக்கொண்டு கோயிலிலிருந்து ஆறு வரைக்கும் நடப்பார்கள். எங்கேயாவது கிளை இடிக்கிறதா, வேலி முட்டுகிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தண்டே சொல்லிவிடும். இடித்தால் அங்கேயே நிற்பார்கள். கூப்பிட மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். தண்டைக் கீழேயும் வைக்க மாட்டார்கள். அந்த இடத்துக்காரர் தானாக வெளியே வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "எடுத்துடறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தண்டு நகரும். அவ்வளவுதான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. சொன்ன வார்த்தையை யாரும் மீறி நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அம்மன் போவதைச் சின்ன வயதில் பத்து முறை பார்த்தவன். ஆனால் அந்த வளைந்த மூலைக்கும் அந்தத் தண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது, ஊருக்கெல்லாம் வழி கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்குத் தோன்றவில்லை.

போன மார்கழியில் தண்டு எங்கள் மூலைக்கு வந்தது. திரும்பவில்லை. முன்பக்கம் பாதையில், பின்பக்கம் தெருவில், நடுவில் என் சுவரின் கூர் தண்டின் இடுப்பில் குத்திக்கொண்டு நின்றது. வீடு பூட்டிக் கிடந்தது. தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. பன்னிரண்டு பேரும் நின்றார்கள். கடைசியில் முருகையன் போனை எடுத்தான்.

இங்கே காலை எட்டு மணி. நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். திரையில் அவன் முகம், பின்னால் தண்டு, தண்டுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த பன்னிரண்டு முகம்.

"ண்ணா, தண்டு நிக்குது."

"எங்கடா?"

"உன் ஊட்டாண்டதான். மூலைல முட்டுது. ஒரு வார்த்த சொல்லுண்ணா, தோள் வலிக்குது எல்லாருக்கும்."

நான் சொல்லியிருக்கலாம். இரண்டு விநாடி வேலை. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது:

"முருகையா, அது நம்ம பட்டா நிலம்டா. ஸ்கெட்சு அனுப்பறேன் பாரு."

போனிலேயே அளவுப் படத்தை அனுப்பினேன். சர்வே நம்பரைச் சொன்னேன். ஒருவேளை கோயில் சார்பில் எழுத்துமூலமாக ஒரு கோரிக்கை கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றேன். பரிசீலிக்கலாம் என்ற சொல்லை நான் தமிழில் உபயோகித்தது அதுதான் முதல் தடவை. இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆனது. தண்டு தோளில்தான் இருந்தது.

எதிர்வீட்டு அஞ்சலை அக்கா போனை வாங்கினார். எங்கள் வார்டு மெம்பர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், மல்லாட்டை திருடித் தின்றதற்காக என்னைக் களத்துமேடு முழுக்க விரட்டியவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சரிங்க தம்பி. உங்க எடம்தான். வேலைய பாருங்க. சாப்டீங்களா?"

எனக்கு ஐம்பது வயதாகிறது. அந்த அக்கா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதற்குமுன் ஒருநாளும் இல்லை.

4

தண்டைக் கோயில் பரணுக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரை யாரும் தொடவில்லை. என்னைப் பற்றி யாரும் ஸ்டேட்டஸ் போடவில்லை. முருகையன் மட்டும் இரண்டு நாள் கழித்துப் பேசினான்.

"இந்த வருசம் தார் ரோட்டு வழியா போயிடலாம்னு பேசிக்கினு இருக்காங்கண்ணா."

"அதுவும் நல்லதுதானே. ரோடு அகலம்."

"நல்லதுதான். ஹைவேயில ஆறு மைல் சுத்து. லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கினே வருவான். அத்தவிட இன்னொரு பேஜாரு இருக்குது."

அந்தப் பேஜாரு இதுதான். ஏரிக்கு அப்பால் நாற்பது ஏக்கரை வெளியூர் ஆள் ஒருவர் வாங்கி, மனை போட்டு விற்பதற்காக வெள்ளைக் கல் நட்டிருக்கிறார். நடுவே எங்கள் வண்டிப்பாதை ஓடுகிறது. வளைந்து ஓடுகிற பாதையால் அவருக்கு எட்டு மனை கெடுகிறது. போன வருடமே பஞ்சாயத்தில் வந்து கேட்டாராம், இந்தப் பாதையில் இப்போது மாட்டுவண்டியே போவதில்லையே, எடுத்துவிட்டு ஓரமாக நேர் ரோடு போட்டுத் தரட்டுமா என்று. அஞ்சலை அக்கா சொன்ன பதில் ஊரில் பிரபலம்: "வண்டி போவல, வாஸ்தவம். அம்மன் போவுது. அம்மன்கிட்ட கேட்டுட்டு வாங்க." அவர் கேட்கவில்லை. கல்லைப் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நட்டு, பாதையை விட்டுவைத்தார்.

"இந்த வருசம் அம்மன் போவலன்னா," என்றான் முருகையன், "அடுத்த வருசம் அவன் வந்து இன்னா கேப்பான்னு உனக்கே தெரியும். நீ ரோடு போடற ஆளு."

நான் ரோடு போடுகிற ஆள் இல்லை, ரொட்டி போகிற வழி போடுகிற ஆள். ஆனால் புரிந்தது. புரிந்தும் சுவரை விட மனம் வரவில்லை. அதனால் என் தொழில் திறமையைக் காட்டினேன். ஆபீசில் மதிய இடைவேளையில் மூலையின் அளவையும் தண்டின் நீளத்தையும் போட்டு, லாரி திரும்புவதற்கு நாங்கள் போடுகிற கணக்கை அம்மனுக்குப் போட்டேன். முன்னே போய், பின்னே வந்து, கொஞ்சம் ஒடித்து, மறுபடி முன்னே போய், ஏழு அசைவில் அம்மன் சுவரைத் தொடாமல் திரும்பிவிடும். நிறம் கொடுத்து, அம்புக்குறி போட்டு அனுப்பினேன்.

முருகையன் ரொம்ப நேரம் பார்த்தான் போலிருக்கிறது. பிறகு ஒரு வரி வந்தது.

"அம்மன் ரிவர்ஸ் எடுக்காதுண்ணா."

உண்மைதான். புறப்பட்ட சாமி முன்னேதான் போகும், ஒரு அடிகூடப் பின்னால் வராது. தண்டைச் சின்னதாக வெட்டினால் என்ன என்று கேட்டேன். "பன்னெண்டு தோளுக்கு எட்டு தோள் ஆயிடும், மீதி நாலு பேர் உன் ஊட்டுக்கு வந்து உன்னிய தூக்குவாங்க" என்றான். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்றேன். அஞ்சலை அக்கா குரல் பின்னாலிருந்து கேட்டது.

"ஏத்தலாம். ஏத்திக்கினு போயி கூட்டேரிப்பட்டு ஹைவே கடையில டீ வாங்கிக் குடுத்துட்டு வரலாம். கேளு அவனை, அதுக்கும் படம் போட்டுத் தருவானான்னு."

'அவன்' என்றார். எனக்கு அது போதும், பாதி உயிர் வந்தது.

5

இந்த இடத்தில் நான் என் ஊரைக் கொஞ்சம் புகழ்ந்துகொள்கிறேன். என் சுவரை வைத்துத்தான் இதெல்லாம் எனக்கே தெரியவந்தது.

கூகுள் படத்தில் எங்கள் ஊரை மேலிருந்து பார்த்தேன். வேலை நேரத்தில்தான். நான் கோணல் என்று நினைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தெரு திரும்புகிற மற்ற ஒவ்வொரு முனையிலும் மூலை வீட்டுக்காரர் தன் பட்டாவில் ஒரு துண்டு விட்டுக் கட்டியிருக்கிறார். நாலு மூலை, நாலு வீடு, நாலும் வளைவு. களத்துமேட்டின் நடுவில் ஒருவரும் வண்டி நிறுத்துவதில்லை. ஓரமாக நிறுத்துகிறார்கள், ஏனென்றால் தை வந்தால் மல்லாட்டை காயவேண்டும், மற்ற நாளில் பந்து ஓடவேண்டும், அம்மன் அங்கே ஒருமுறை இறங்கி மூச்சு வாங்கவேண்டும். பாதையை ஒட்டிய கொல்லைக்காரர்கள் ஏர் ஓட்டும்போது கடைசிச் சுற்றைப் பாதைக்கு ஒரு முழம் தள்ளியே திருப்புகிறார்கள். பேராசைக்காரர் ஒருவர்கூடவா இல்லை என்று முருகையனைக் கேட்டேன்.

"இல்லாம இன்னா? எல்லாம் பேராசைக்காரங்கதான். வரப்ப வெட்டி வரப்ப வெட்டி சண்ட போட்டுக்கினு கோர்ட்டுக்குப் போறாங்க. ஆனா பாதைய மட்டும் தொட மாட்டாங்க. தண்டு வந்து ஊட்டு முன்னாடி நின்னா எவன்ணா பதில் சொல்றது?"

இங்கே இங்கிலாந்தில் பாதையைக் காப்பாற்ற வரைபடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மஞ்சள் அம்புக்குறி இருக்கிறது, என் மகள் மாதிரி ஒற்றர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு மரத்தண்டு இருக்கிறது.

6

கடிதத்துக்குக் கட்டுப்பட்டு, அடுத்த சனிக்கிழமையே கொட்டகையைப் பிரித்தேன். நிலா ஒரு பக்கம் பிடித்தாள். எனக்கு ஆணி எடுக்கத் தெரியாது என்பதால் பெரும்பாலும் அவள்தான் எடுத்தாள், நான் ஆலோசனை சொன்னேன். பக்கத்துத் தெரு மார்கரெட், எண்பதை நெருங்குகிறவர், தடியூன்றி அந்தப் பக்கம் வந்தார். இத்தனை வருடமாக முள்ளில் உரசிக்கொண்டே போனவர். நின்று பார்த்தார். "ஓ, இங்கே இவ்வளவு இடமா இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக நடந்து போனார். முள்ளில் படாமல் அவர் கோட்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிலாவுக்குத் தமிழ் புரியும், பேசவும் செய்வாள். ஆனால் வர வர நாங்கள் பேசுவது அவளுக்கு வேறு வீட்டு டிவி ஓடுகிற மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, ஊர்ல அந்தச் சுவரு இருக்குதில்ல. அதுக்கு யாரும் லெட்டர் போடலியா?"

"இல்லம்மா. அங்க லெட்டரெல்லாம் போட மாட்டாங்க. வந்து நிப்பாங்க."

"எவ்ளோ நேரம் நின்னாங்க?"

"கால் மணி நேரம்."

"வெயிட்டோடயா?"

ஓட்டப்பயிற்சி மிஷினைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

"லெட்டர் வந்தா ஒரே வாரத்துல எடுக்கறீங்க. ஆளுங்க வந்து நின்னா எடுக்க மாட்டீங்களா?"

கேட்டுவிட்டு அடுத்த ஆணிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. அவள் படிவத்தில் எழுதியிருந்த குறிப்பின் இரண்டாம் பாதி எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்கே முருகையனைக் கூப்பிட்டேன். இடித்துவிடச் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னாண்ணா பண்றது? தண்டுகிட்ட சொல்லு."

"தண்டு பரண்ல இருக்குமே."

"இறக்கறோம். நாளைக்கு மதியம். நீ தண்ணியோட வா."

7

மறுநாள் ஞாயிறு. ஊரில் மதியம் ஒன்றரை, எனக்குக் காலை எட்டு. கையில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரோடு அடுக்களையில் நின்றேன். செல்வி அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தது. கண்ணாடி டம்ளரில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்றாள். ஐயாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவனுக்கு எந்தப் பாத்திரம் என்பதில் ஒரு முறை இருக்கிறது போல.

திரையில் தண்டு வந்தது. அதே பன்னிரண்டு பேர். அதே இடத்தில் முட்டி நின்றது. முருகையன் போனைச் சுவரின் கூருக்கு நேராக, ஆள் உயரத்துக்குப் பிடித்தான். வீட்டுக்காரன் வாசலில் நிற்கிற மாதிரி.

டம்ளரைத் திரையை நோக்கி நீட்டினேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்தண்டில் நின்றவர் தலையை லேசாகச் சாய்த்து வாங்கிக்கொண்டார். வாங்க ஒன்றும் இல்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

"எடுத்துடறேன்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்றா, லைன் சரியில்ல" என்றார் அஞ்சலை அக்கா.

"எடுத்துடறேன் அக்கா."

தண்டு நகர்ந்து வழி விட்டது. கோவிந்தசாமி மேஸ்திரி வந்தார். கையில் கடப்பாரை இல்லை, மிஷின் இல்லை. பூச்சு வேலைக் கரண்டியான கொல்லுருவும், கலவை அள்ளும் பாண்டும்தான் இருந்தன.

"மேஸ்திரி, அது நல்ல சிமெண்டு. நானே பேர் சொல்லி வாங்கச் சொன்னது. கைல வராது, மிஷின் கொண்டாங்க."

அவர் மேல்பூச்சில் கொல்லுருவால் ஒரு தட்டு தட்டினார். பூச்சு அப்பளம் மாதிரி கழன்றது. உள்ளே செங்கல். செங்கலுக்கு நடுவே சாம்பல் நிறம் இல்லை, செம்மண் நிறம். முதல் கல்லைக் கையால் அசைத்து எடுத்து, ஊதி, பக்கத்தில் அடுக்கினார். இரண்டாவது கல். மூன்றாவது. பலகாரக் கடையில் தட்டடை எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தன.

"மேஸ்திரி, இது இன்னாது?"

"சேறு சார்."

"சேறா?"

"அந்த மூலைக்கு மட்டும் சேத்துல வச்சிக் கட்டினேன் சார். மேல மட்டும் சிமெண்டு பூசினேன். மீதிச் சுவரு முழுக்க நீங்க சொன்ன சிமெண்டுதான், ஒரு சட்டி குறையாது. மூலைய எப்பிடியும் எடுப்பீங்க. எடுக்கறப்ப கல்லு ஒடையாம வரணும் இல்ல."

"எடுப்பேன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் அடுத்த கல்லை எடுத்துக்கொண்டே சொன்னார். "உங்கப்பா சுவருல வேல கத்துக்கிட்டவன் சார் நான். அவரு புள்ள எடுக்காம எங்க போயிடுவீங்க."

எறும்புக்கும் பூண்டுக்கும் காரணம் அப்போதுதான் தெரிந்தது. நான் பெருமையாக ஆபீசில் காட்டிய கூர், எட்டு மாதமாகச் சேற்றில் நின்றுகொண்டு, என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறது. ஊர் என்னை நம்பி, என் முட்டாள்தனத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருந்தது. இப்படி ஒரு மரியாதை எனக்கு எந்தக் கடிதத்திலும் வந்ததில்லை.

8

தை ஐந்தாம் நாள் அம்மன் எங்கள் மூலையில் திரும்பியதை நாங்கள் மூவரும் பார்த்தோம். ஆபீசுக்கு அரை நாள் லீவு. காரணம் எழுதும் இடத்தில் குடும்ப விசேஷம் என்று போட்டேன்.

முருகையனும் அன்றைக்குத் தோள் கொடுத்ததால் போன் அஞ்சலை அக்கா கையில். அக்கா எடுத்த வீடியோவில் பாதி நேரம் வானம், கொஞ்ச நேரம் அக்காவின் கட்டைவிரல். ஆனாலும் அந்த மூலை வந்தபோது நிலையாகப் பிடித்தார். மேளம் ஒரு விநாடி நின்றது. முன்தண்டுக்காரர்கள் பாதைக்குள் கால் வைத்தார்கள், பின்தண்டுக்காரர்கள் தெருவில் அகலமாக வந்தார்கள், பீடம் காலி மூலையின்மேல் அப்படியே மிதந்து சுற்றியது. என் அளவுப் படத்தில் என் பெயர் எழுதியிருந்த அந்தத் துண்டு இடத்தில் இரண்டு பேர் கால் பதித்துப் போனார்கள். தண்டுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி. மேளம் மறுபடி தொடங்கியது. ஏரிக்கரை, வெள்ளைக் கற்கள், அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஊரே நடந்து போனது.

நிலா திரைக்குள் விழுந்துவிடுவதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தப் பாதை மேப்ல இருக்கா?"

"கூகுள்ல இல்லம்மா."

"அடுத்த வருசம் நாம போய் நடக்கலாமா? யாராவது வழி மறைச்சிருந்தா நான் எழுதறேன்."

"அங்க ஃபார்ம் கிடையாது."

"நிக்கறேன், அப்ப."

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி வீடியோவில் வந்தார். அடுக்கிய செங்கலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையாலேயே காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். அப்பா வைத்திருந்த அதே வளைவு. நூல் பிடிக்கவில்லை, பட்டா கேட்கவில்லை.

"இப்பிடி வளைச்சிக் கட்டிடட்டுங்களா சார்?"

"கட்டிடுங்க மேஸ்திரி."

"இதுக்கு சிமெண்டு போடலாம் சார்," என்றார். "இத்த யாரும் எடுக்க மாட்டாங்க."